அரிவாள் வாளான காலத்து உழவுப் பாட்டு: ரோமானியக் கவிதைக்கு ஓர் அறிமுகம்

கடன் தொல்லை இல்லாமல், அப்பன் பாட்டன் விட்டுப்போன நிலத்தைச் சொந்த மாடு கட்டி உழுகிறவன் எவ்வளவு கொடுத்துவைத்தவன்! இப்படித் தொடங்குகிறது ஹோரஸ் எழுதிய ஒரு லத்தீன் கவிதை. அவனைப் பட்டாளத்து ஊதுகொம்பு எழுப்பாது. கடல் சீறினால் அவனுக்கென்ன? பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய்க் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. திராட்சைக் கொடியை உயர்ந்த மரத்தில் ஏற்றிவிடுவான், தேனைப் பிழிந்து சாடியில் ஊற்றுவான், நேரம் கிடைத்தால் மரத்தடிப் புல்லில் படுத்துக் கிடப்பான். பொழுது சாயும்போது, களைத்த மாடுகள் கவிழ்த்த கலப்பையை இழுத்துக்கொண்டு வீடு திரும்பும். 66 வரி இதே உருக்கம்தான்.

பேசுவது யார் என்பது 67வது வரியில்தான் தெரிகிறது. ஆல்ஃபியஸ் என்ற வட்டிக்கடைக்காரர்! 'இதோ, இப்பவே விவசாயி ஆகிவிடப்போகிறேன்' என்று துடித்தவர், மாத நடுவில் கடனையெல்லாம் வசூலித்து முடிக்கிறார். அடுத்த ஒன்றாம் தேதி மறுபடி அதை வட்டிக்கு விட ஆள் தேடுகிறார். கவிதை அத்தோடு முடிந்துவிடுகிறது.

ரோமானியர்களின் கிராமத்துக் கவிதைகளைப் புதிதாகப் படிக்க வருகிறவர் இதிலிருந்து தொடங்குவது நல்லது என்பேன். வயலையும் வரப்பையும் புகழும் வரி எங்கே வந்தாலும், பேசுகிறவர் யார், அவர் கையில் மண் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள இது கற்றுக்கொடுத்துவிடும்.

ரோமானியர்கள் தங்களை உழவர்களின் பரம்பரையாகவே நினைத்துக்கொண்டார்கள். கி.மு. 160 வாக்கில் வேளாண்மை பற்றி உரைநடையில் நூல் எழுதிய கேட்டோ, ஒருவரை நல்லவர் என்று பாராட்ட நம் முன்னோர் 'நல்ல உழவர்' என்றே சொன்னார்கள் என்கிறார். நில அளவைக்கூட ஏரை வைத்துத்தான் பேசினார்கள். 'யூகெரும்' என்பது ஒரு சோடி மாடு ஒரு நாளில் உழுகிற நிலம், ஏறக்குறைய கால் ஹெக்டேர். 'வெர்சுஸ்' என்ற லத்தீன் சொல்லைப் பாருங்கள். ஏர் ஓட்டுகிறவர் வயலின் கடைசிவரை போய் மாட்டைத் திருப்புகிறாரே, அந்தத் திருப்பத்திலிருந்து வந்த சொல் அது. உழுத சாலுக்கும் அதுதான் பெயர், கவிதையின் வரிக்கும் அதுதான் பெயர்.

ஆனால் நாம் இன்று படிக்கும் கவிதைகள் எழுதப்பட்ட கி.மு. முதல் நூற்றாண்டில் நிலைமை மாறியிருந்தது. பெரிய பண்ணைகளில் அடிமைகள் வேலை செய்தார்கள். சிறு உழவரின் பிள்ளைகளைப் போர்கள் விழுங்கின. கவிஞர்களும் அவர்களைப் படித்தவர்களும் பெரும்பாலும் நகரத்தில் இருந்தார்கள்.

இந்தக் கவிதைகளில் இரண்டு வகை உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. முதல் வகை ஆயர் பாட்டு. ஆடு மேய்ப்பவர்கள் நிழலில் உட்கார்ந்து குழல் ஊதுவார்கள், காதலைச் சொல்லிப் புலம்புவார்கள், பாட்டுப் போட்டி வைப்பார்கள். ஆடுகள் தாமாகவே மேய்ந்துகொள்ளும். சிசிலிக்காரரான தியோக்ரிட்டஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் தொடங்கிவைத்த வகை இது. இரண்டாவது வகை உழவுப் பாட்டு. இங்கே ஓய்வு கிடையாது. எப்போது உழ வேண்டும், எதை விதைக்க வேண்டும், மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கவிதையே பாடம் நடத்தும். இதற்கு முன்னோடி அதைவிடப் பழைய கிரேக்கரான ஹெசியட். இந்த இரண்டு வகையையும் லத்தீனில் எழுதி, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அளவுகோலாகிப் போனவர் வெர்ஜில்.

வெர்ஜில் கி.மு. 70இல், வட இத்தாலியின் மான்டுவா பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய ஆயர் பாட்டுகள் மொத்தம் பத்து. முதல் பாட்டைத் திறந்ததுமே, குழலும் நிழலும் என்று நான் மேலே சொன்ன படத்தில் விரிசல் விழுகிறது. டிடிரஸ் என்ற கிழவன் மரத்தடியில் சாய்ந்து குழல் ஊதிக்கொண்டிருக்கிறான். எதிரே மெலிபியஸ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறான், மேய்ப்பதற்கு அல்ல, ஊரைவிட்டே போவதற்கு. அவன் நிலத்தைப் பிடுங்கிவிட்டார்கள். வழியில் பாறைமேல் ஓர் ஆடு இரட்டைக் குட்டி ஈன்றது, அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். 'நான் இவ்வளவு பாடுபட்டுப் பண்படுத்திய வயல் ஏதோ ஒரு சிப்பாய்க்கா?' என்று கேட்கிறான்.

இது கற்பனைச் சோகம் இல்லை. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44இல். கொன்றவர்களை, சீசரின் வாரிசான ஆக்டேவியனும் சீசரின் தளபதியாக இருந்த ஆன்டனியும் கி.மு. 42இல் கிரேக்கப் பகுதியான பிலிப்பியில் தோற்கடித்தார்கள். சண்டை போட்ட சிப்பாய்களுக்கு நிலம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள், அதற்காக 18 இத்தாலிய நகரங்களின் நிலங்கள் குறிக்கப்பட்டன. கிரெமோனாவின் நிலம் போதாமல் பக்கத்து மான்டுவாவின் நிலத்திலும் கைவைத்தார்கள். வெர்ஜில் குடும்பத்து நிலமும் அப்போது பறிபோனது என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. ஹோரஸ் பிலிப்பியில் தோற்ற பக்கத்தில் நின்றவர். திரும்பி வந்தபோது அப்பாவின் வீடும் நிலமும் இல்லை என்று அவரே எழுதுகிறார். அளவுகோல் வந்து தன் குடும்ப நிலத்தை அளந்து எடுத்துப்போனதைப் புரொபெர்ட்டியஸ் சொல்கிறார். ஒருகாலத்தில் வளமாக இருந்து இப்போது சுருங்கிப்போன நிலத்தைப் பற்றி டிபுல்லஸ் பாடுகிறார். ஒரே தலைமுறைக் கவிஞர்கள், எல்லோரிடமும் இழந்த நிலத்தின் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் கிராமத்தை இவ்வளவு பாடினார்களே, ஏன் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ரசனை, இயற்கை அழகு எல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த முதல் பாட்டின் முடிவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டிடிரஸின் நிலம் மட்டும், ரோமாபுரியில் ஓர் இளைஞரின் தயவால் தப்பிவிட்டது. அவன் மெலிபியஸைப் பார்த்து, இன்று ஓர் இரவாவது இங்கே தங்கிப்போகலாமே என்கிறான். பழுத்த ஆப்பிள் இருக்கிறது, அவித்த செஸ்ட்நட் இருக்கிறது, பாலாடைக்கட்டியும் நிறைய இருக்கிறது. தூரத்து வீடுகளின் கூரையில் புகை எழுகிறது, மலைகளிலிருந்து நிழல் நீண்டு விழுகிறது. மெலிபியஸ் தங்கினானா என்று கவிதை சொல்லவில்லை.

இனி உழவுப் பாட்டு. 'ஜார்ஜிக்ஸ்' என்பது நூலின் பெயர். கிரேக்கத்தில் உழவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மொத்தம் 2,188 வரிகள், நான்கு பாகங்கள்: பயிரும் வானிலையும், மரமும் திராட்சையும், கால்நடை, கடைசியாகத் தேனீ. எழுதி முடிக்க ஏழு ஆண்டுகள் ஆனதாம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஒரு வரிகூடத் தேறாது. காலையில் நிறைய வரிகளைச் சொல்லி எழுதவைத்து, நாள் முழுக்கக் குறைத்துக் குறைத்துச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்வாராம். கரடி தன் குட்டியை நக்கி நக்கி உருவாக்குவது மாதிரி என்று அவரே சொன்னதாகப் பழைய குறிப்பு ஒன்று உண்டு. கி.மு. 29இல் போர்களை முடித்துத் திரும்பிய ஆக்டேவியனுக்கு நான்கு நாள் இதைப் படித்துக்காட்டினார். தொண்டை கட்டியபோது மேசினாஸ் வாங்கிப் படித்தார்; ஆக்டேவியனின் நண்பர், கவிஞர்களை ஆதரித்த செல்வந்தர் அவர்.

வயல்காட்டு விவரங்கள் இதில் கொட்டிக்கிடக்கின்றன. எல்ம் மரம் காட்டில் வளரும்போதே அதை வளைத்துக் கலப்பைக்குப் பழக்கு என்கிறார். ஏர்க்கால் எட்டடி, நுகத்தடிக்கு லிண்டன் மரம், மேழிக்கு பீச் மரம், எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் சோதித்துப் பார். ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாதே. நிலத்தைச் சும்மா போட்டு ஓய்வு கொடு, இல்லையென்றால் அவரை, பயறு விளைந்த இடத்தில் அடுத்துக் கோதுமை போடு. தாளைக் கொளுத்து. கதிரடிக்கும் களத்தைக் களிமண் பூசி உருளையால் இறுக்கு. இல்லாவிட்டால் வெடிப்பு விழும், எலி குடியேறும், எறும்பும் வண்டும் வந்து சேரும். மண் இளக்கமா இறுக்கமா என்று தெரிய வேண்டுமா? குழி தோண்டு, தோண்டிய மண்ணைத் திரும்பப் போட்டு மிதி. குழி நிறையாவிட்டால் மண் இளக்கம், அது மேய்ச்சலுக்கும் திராட்சைக்கும் ஆகும். மண் மிஞ்சினால் கெட்டி நிலம், வலுவான மாடுகளைக் கட்டு. உப்பு நிலமா என்று பார்க்க, மண்ணைக் கூடையில் இட்டு ஊற்றுநீர் விட்டு மிதித்து, வடியும் நீரை நாக்கில் வைத்துப் பார்.

மழை வருவதைச் சொல்லும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பசு தலையைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடிக்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஒடுங்கிய பாதையில் வெளியேறுகிறது. குளத்தைச் சுற்றிச் சுற்றித் தைலான் குருவி பறக்கிறது, சேற்றில் தவளை தன் பழைய புகாரைப் பாடுகிறது. இரவில் நூல் நூற்கும் பெண்களுக்குக்கூட விளக்குத் திரியில் எண்ணெய் பொரிந்து கரி பூப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, இதை வைத்து உண்மையிலேயே விவசாயம் செய்ய முடியுமா? ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய தத்துவவாதி செனகா, முடியாது என்றார். அவரை, தினை விதைக்கும் காலத்தை வெர்ஜில் தவறாகச் சொல்லியிருக்கிறார், ஜூன் மாதக் கடைசியில் ஒரே நாளில் அவரை பறிப்பதையும் தினை விதைப்பதையும் நானே கண்ணால் பார்த்தேன் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். வெர்ஜில் உழவருக்குக் கற்றுக்கொடுக்க எழுதவில்லை, படிப்பவரை மகிழ்விக்க எழுதினார் என்பது அவர் தீர்ப்பு. பிளேன் மரத்தில் ஆப்பிளும் ஆஷ் மரத்தில் பேரிக்காயும் ஒட்டுப்போட்டுக் காய்க்கவைக்கிறார் வெர்ஜில். அப்படி எதுவும் காய்க்காது. தேன்கூட்டுக்குத் தலைமை ராஜா என்கிறார், அது ராணி. அடித்துக் கொன்ற கன்றின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று முறை வேறு சொல்கிறார்! அப்படியிருந்தும் முழுக்க முழுக்க விவசாயம் தெரிந்த கொலுமெல்லா தன் நூலில் வெர்ஜிலை அடிக்கடி சான்றாகக் காட்டுகிறார். தோட்டத்தைப் பற்றிப் பாட இடமில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன் என்று வெர்ஜில் ஓரிடத்தில் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு கொலுமெல்லா தன் உரைநடை நூலின் பத்தாம் பாகத்தை மட்டும் செய்யுளில் எழுதினார்.

செனகா பாதிதான் சரி என்று நினைக்கிறேன். படிப்பவரை மகிழ்விக்க மட்டும் எழுதிய நூலில் இவ்வளவு தோல்வி ஏன் வருகிறது? விதையைப் பொறுக்கித் தேர்ந்தெடுத்து வைத்தாலும், ஆண்டுதோறும் மறுபடி பொறுக்காவிட்டால் அது தரம் கெட்டுப்போகும் என்கிறார். உடனே ஓர் உவமை: ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவன் ஒரு நொடி கையைத் தளர்த்தினால் ஆறு அவனை அடித்துக்கொண்டு போய்விடும். ஆதியில் இலையிலேயே தேன் இருந்ததாம், ஆற்றில் திராட்சைரசம் ஓடியதாம். கடவுள்களின் தலைவரான ஜூபிடர் அதையெல்லாம் பறித்து, பாம்புக்கு நஞ்சு கொடுத்து, நெருப்பை ஒளித்துவைத்தார், மனிதன் மூளையைத் தீட்டட்டும் என்று. இந்த இடத்தில் வரும் ஒரு வரி உலகப் பிரசித்தம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில முத்திரையில்கூட 'உழைப்பு எல்லாவற்றையும் வெல்லும்' என்று இருக்கிறது. ஆனால் வெர்ஜில் எழுதியது வேறு. 'வெல்லும்' இல்லை, 'வென்றுவிட்டது'. உழைப்புக்கு முன்னால் 'இம்ப்ரோபுஸ்' என்ற அடைமொழியும் இருக்கிறது: அடங்காத, ஈவிரக்கமில்லாத. தொடர்ந்து 'நெருக்கும் வறுமையும்' என்று வரி நீள்கிறது. உழைப்பின் வெற்றியைப் பாடுகிறாரா, அது உலகத்தையே பிடித்துக்கொண்டுவிட்டது என்று பெருமூச்சு விடுகிறாரா? அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முத்திரைக்காரர்கள் அடைமொழியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

மூன்றாம் பாகத்தில், ஆல்ப்ஸ் பக்கத்து நோரிக்கம் பகுதியில் கால்நடைகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போகிறது. ஏரில் பூட்டிய மாடு இரத்தமும் நுரையும் கக்கி விழுகிறது. உழவன், கூட்டாளி செத்த துக்கத்தில் நிற்கும் மற்ற மாட்டை அவிழ்த்துவிட்டு, கலப்பையைப் பாதிச் சாலிலேயே விட்டுப் போகிறான். பாவம், இந்த மாடுகள் விருந்தும் மதுவும் உண்டா கெட்டுப்போயின, இலையும் புல்லும் ஆற்றுநீரும்தானே அவற்றின் சாப்பாடு என்று கவிஞர் கேட்கிறார். இதைப் படித்துவிட்டு வெர்ஜிலை நகரத்து ரசிகர் என்று தள்ளிவிட எனக்கு முடியவில்லை.

அதே நூலில் முதல் பாகத்தின் முடிவில் போர் வந்து நிற்கிறது. உழவர்களைப் படைக்கு இழுத்துப்போனதால் வயல்கள் புல் மண்டிக் கிடக்கின்றன. வளைந்த அரிவாள்களை உருக்கி நேரான வாள்களாக அடிக்கிறார்கள். ஒரு காலம் வரும், அந்தப் போர்க்களங்களை உழுகிற ஒருவனின் கலப்பையில் துருப்பிடித்த ஈட்டி தட்டுப்படும், அவனுடைய மண்வெட்டி காலித் தலைக்கவசத்தில் மோதிக் கணீரென்று ஒலிக்கும், கிளறிய குழிகளில் பெரிய எலும்புகளைப் பார்த்து அவன் வியந்து நிற்பான் என்கிறார். வருங்கால உழவனுக்கு அது யாருடைய எலும்பு என்று தெரியாது. படித்த அன்றைய ரோமானியர்களுக்கு நன்றாகத் தெரியும்.

'தங்கள் நல்வாழ்வை அறிந்திருந்தால், உழவர்கள் எவ்வளவு பாக்கியவான்கள்!' இரண்டாம் பாகத்தில் வரும் இந்த வரியும் மேற்கோளாகப் பிய்த்து எடுக்கப்படுவது வழக்கம். 'அறிந்திருந்தால்' என்பதை விட்டுவிடுவார்கள்.

வெர்ஜில் மறைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய வயலில் உழவன் தனியாக உழுகிறான், தானே விதைக்கிறான். அடிமைகள் என்று வெளிப்படையாக யாரும் கண்ணில் படுவதே அரிது. அன்றைய இத்தாலியப் பெரும்பண்ணைகள் அப்படி இல்லை. கி.மு. 37இல் எண்பது வயதில் வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ, பண்ணைக் கருவிகளை மூன்றாகப் பிரித்தவர்களின் கணக்கைப் பதிவு செய்கிறார்: பேசாத கருவி வண்டி, அரைகுறையாகக் குரல் கொடுக்கும் கருவி மாடு, பேசும் கருவி அடிமை. கேட்டோ அதற்கும் மேலே போனவர். தேய்ந்த மாடு, பழைய வண்டி, பழைய இரும்பு, கிழட்டு அடிமை, சீக்காளி அடிமை, எல்லாவற்றையும் விற்றுவிடு என்று ஒரே பட்டியலில் எழுதுகிறார். உரைநடை சொல்லிவிடுகிறது, கவிதை சொல்லவில்லை.

ஹோரஸ் இதில் கொஞ்சம் நேர்மையானவர். மேசினாஸின் தயவில் அவருக்கு ரோமாபுரிக்கு வடகிழக்கே சாபைன் மலைப்பகுதியில் ஒரு பண்ணை கிடைத்தது. அதிகப் பெரிதில்லாத நிலம், ஒரு தோட்டம், வீட்டருகே வற்றாத ஊற்று, கொஞ்சம் காடு, இதைத்தானே வேண்டிக்கொண்டேன் என்று மகிழ்ந்தார். நகரத்து எலியும் கிராமத்து எலியும் கதையை அந்தக் கவிதையில்தான் சொல்கிறார், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் வாய்மொழியாக. ஆனால் அங்கே எட்டு அடிமைகள் வேலை செய்தார்கள் என்பது அவருடைய கவிதையிலேயே இருக்கிறது. பண்ணையைக் கவனித்த அடிமை மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதக் கவிதையும் எழுதினார். அந்த ஆள் நகரத்தில் இருந்தபோது கிராமம் வேண்டும் என்று மனசுக்குள் கும்பிட்டவன். கிராமத்துக்கு வந்ததும் நகரத்துக் குளியல் கூடமும் எண்ணெய்ப் பிசுக்குச் சாப்பாட்டுக் கடையும் வேண்டும் என்கிறான். இவர் நகரத்தில் மாட்டிக்கொண்டு கிராமத்துக்கு ஏங்குகிறார். பண்ணைக்கு வந்தால் தாமே மண்கட்டியையும் கல்லையும் நகர்த்துகிறார், அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ஓவிட் வேறு வழியில் கிராமத்துக்குள் வருகிறார். ரோமானிய நாட்காட்டியின் ஆறு மாதங்களை, திருநாள் திருநாளாகப் பாடிய அவருடைய 'ஃபாஸ்டி' நூலில் வயலுக்கான சடங்குகள் நிறைய உண்டு. பிப்ரவரி 23இல் எல்லைக்கல்லுக்கு விழா. இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் கல்லுக்கு மாலை போடுவார்கள், வீட்டு அடுப்பு நெருப்பை ஓட்டில் எடுத்து வருவாள் மனைவி. ஏப்ரல் 21இல் இடையர்கள் எரியும் வைக்கோலைத் தாண்டிக் குதிப்பார்கள். ஏப்ரல் 25இல் கோதுமையின் துரு நோய்க்கு ஒரு பூசை. இரும்பில் பிடிப்பதற்கும் பயிரில் பிடிப்பதற்கும் தமிழில் 'துரு' என்று ஒரே பேர் இருப்பதுபோல லத்தீனிலும் ஒரே சொல்தான். ஓவிட்டின் பூசாரி அதை வைத்துக் கேட்கிறார்: இளம்பயிரைத் தொடாதே, கெட்டி இரும்பைப் பிடித்துக்கொள், வாளையும் ஈட்டியையும் தின்று தீர். மண்வெட்டியும் கொழுவும் மட்டும் பளபளக்கட்டும். அரிவாளை வாளாக அடித்த வரிக்குச் சில பத்தாண்டுகள் கழித்து வந்த வேண்டுதல் இது.

கடைசியாக, முதலில் சொன்ன சோதனையில் தேறும் ஒரு கவிதை. 'மொரேட்டும்' என்று பெயர். நூற்றுச் சொச்சம் வரிகள்தான். பழைய சுவடிகள் வெர்ஜில் பெயரில் சேர்த்து வைத்திருக்கின்றன, ஆனால் எழுதியது அவர் இல்லை என்பதே பொதுவான கருத்து. பாட்டுக்குத் தலைவன் சிமுலுஸ் என்ற சிறு விவசாயி. பனிக்கால விடியலில் சேவல் கூவியதும் இருட்டில் தடவிக்கொண்டே எழுகிறான், அடுப்புச் சாம்பலில் கையைச் சுட்டுக்கொண்டு நெருப்பைக் கண்டுபிடிக்கிறான். திரிகையில் தானியம் அரைக்கிறான், வலது கை ஓய்ந்தால் இடது கை. ஏதோ நாட்டுப்பாட்டை முணுமுணுக்கிறான். ஸ்கிபாலே என்ற ஆப்பிரிக்கப் பெண்தான் வீட்டில் அவனுக்கு ஒரே துணை. அவளைக் கூப்பிட்டு விறகு போடச் சொல்கிறான். தோட்டத்தில் கீரையும் காயும் நன்றாக விளைகின்றன, ஆனால் அவை அவனுக்கு இல்லை. சந்தை நாளில் நகரத்துக்குச் சுமந்து போய் விற்றுவிட்டு, கழுத்துப் பாரம் குறைந்து, காசுப்பை கனக்கத் திரும்புகிறவன் அவன். இறைச்சிக் கடைப் பக்கம் ஒதுங்குவதே அபூர்வம்.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத்தான் மொரேட்டும். நம் ஊரில் துவையல் என்று சொல்லிவிடுவோம். நாலு பூண்டைப் பிடுங்கித் தோல் உரிக்கிறான், பாலாடைக்கட்டி, உப்பு, கொத்துமல்லி, இன்னும் சில இலைகள் சேர்த்துக் கல்லுரலில் இடிக்கிறான். நெடி மூக்கில் ஏற, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தக் குற்றமும் செய்யாத அடுப்புப் புகையைத் திட்டுகிறான். இடிக்க இடிக்க ஒவ்வொரு நிறமும் தன் அடையாளத்தை இழந்து, பலவும் சேர்ந்து ஒரே நிறம் ஆகிறது. எண்ணெயும் கொஞ்சம் காடியும் விட்டு, உரலை இரண்டு விரலால் சுற்றி வழித்து உருண்டை பிடிக்கிறான்.

இன்றைய பொழுதுக்குப் பட்டினி இல்லை. காலுக்கு உறையைக் கட்டிக்கொண்டு, தலையில் தோல் தொப்பி வைத்துக்கொண்டு, மாடுகளை நுகத்தில் பூட்டுகிறான். வயலுக்கு ஓட்டிப் போய்க் கலப்பையை மண்ணுக்குள் அழுத்துகிறான்.